ஸ்பெயினின் ஐந்தாம் டிவிஷனுக்கு 14 லட்சம் கட்டி மகனை அனுப்பலாமா?

கேள்வி: சார், நான் பெரம்பூரில் இருக்கிறேன். தனியார் கம்பெனியில் வேலை. என் மகனுக்கு 16 வயது முடிந்துவிட்டது, ப்ளஸ் ஒன் படிக்கிறான். சின்ன வயதிலிருந்தே அவனுக்கு ஃபுட்பால்தான் எல்லாம். இடது விங்கில் ஆடுவான், நல்ல வேகம். பள்ளி டோர்னமென்ட்களிலும் செவன்ஸ் (அணிக்கு ஏழு பேர்) போட்டிகளிலும் நிறைய கோல் அடித்திருக்கிறான். ஸ்பெயினில் ஐந்தாம் டிவிஷனில் ஆடும் ஒரு கிளப்பின் அகாடமியில் பத்து மாதம் சேர்த்துவிடுவதாக ஒரு ஏஜென்ட் சொல்கிறார். தங்குமிடம், சாப்பாடு, பயிற்சி எல்லாம் சேர்த்து 14 லட்சம். நன்றாக ஆடினால் கிளப்பே ஒப்பந்தம் போடும், அங்கிருந்து மேலே போகலாம் என்கிறார். 18 வயது விதி பற்றிக் கேட்டேன். என் மனைவியும் கூடப் போய்த் தங்கினால் பிரச்சினை இல்லையாம். இங்கே ஐஎஸ்எல் (இந்தியன் சூப்பர் லீக்) நிலைமையே சரியில்லை, வெளிநாடுதான் வழி என்று மகனும் சொல்கிறான். வீட்டின் மேல் கடன் வாங்கலாமா என்று யோசிக்கிறேன். இரண்டு வாரத்தில் முன்பணம் கட்ட வேண்டுமாம். என்ன செய்யட்டும்?
— பெயர் வெளியிட விரும்பாத தந்தை, பெரம்பூர்

பதில்:

அன்புள்ள பெரம்பூர் நண்பருக்கு,

முன்பணம் கட்டாதீர்கள். வீட்டின் மேல் கடனும் வேண்டாம்.

வெளிநாட்டு ஃபுட்பால் உங்கள் மகனுக்கு எட்டாது என்று இதற்கு அர்த்தமில்லை. ஐரோப்பாவின் கீழ் டிவிஷன் லீக்குகள் மேல் எனக்குப் பெரிய மரியாதை உண்டு. 18 வயதைத் தாண்டிய நம் பையன்கள் இன்னும் நிறையப் பேர் அங்கே போய் ஆட வேண்டும் என்பது என் ஆசை. ஆனால் 16 வயதில், பணம் கட்டி, இந்த வழியில் போனால் அவனுக்கு அங்கே லீக் ஆட்டமே கிடைக்காது. ஏன் என்று கொஞ்சம் விவரமாகவே எழுதுகிறேன். உங்கள் மகனையும் இதைப் படிக்கச் சொல்லுங்கள்.

வீரர்களின் பதிவு, மாற்றம் பற்றிய ஃபிஃபா விதிகளில் 19-வது பிரிவு சிறார்களைப் பற்றியது. 18 வயது நிறையாத ஒருவரை இன்னொரு நாட்டுக் கிளப் பதிவு செய்யக் கூடாது என்பதுதான் அதன் அடிப்படை. சில விதிவிலக்குகள் உண்டு. ஐரோப்பிய ஒன்றியத்துக்குள்ளேயே ஒரு நாட்டிலிருந்து இன்னொரு நாட்டுக்கு 16 வயதில் மாறலாம். அது நமக்குப் பொருந்தாது. எல்லையோரத்தில் வசிப்பவர்களுக்கும் அகதிகளுக்கும் தனி ஏற்பாடு இருக்கிறது. மாணவர் பரிமாற்றத் திட்டத்தில் படிக்கப் போகிறவர் முழுக்க அமெச்சூரான கிளப்பில் அதிகபட்சம் ஒரு வருடம் ஆடலாம். அது படிப்புக்கான பயணம், அங்கே ஒப்பந்தம் என்ற பேச்சுக்கே இடமில்லை. பெற்றோர் குடிபெயர்ந்தால் பிள்ளையும் கூடப் போய் ஆடலாம் என்ற விதிவிலக்கைத்தான் உங்கள் ஏஜென்ட் பாதியளவு சொல்லியிருக்கிறார். மீதிப் பாதி இது: பெற்றோர் குடிபெயர்வதற்கான காரணம் ஃபுட்பாலோடு சம்பந்தப்பட்டதாக இருக்கக் கூடாது. பையன் ஆடுவதற்காக அம்மா போய்த் தங்குவதைத்தான் அந்த விதி தடுக்கிறது. விண்ணப்பத்தைப் பரிசீலிக்கும்போது பெற்றோரின் வேலை, குடியிருப்பு எல்லாவற்றுக்கும் ஆதாரம் கேட்பார்கள்.

பெரிய கிளப்களே இந்த விதியில் மாட்டிக்கொண்டன. 2014-ல் பார்சிலோனாவுக்கும், 2016-ல் ரியல் மாட்ரிட், அட்லெடிகோ மாட்ரிட் இரண்டுக்கும், 2019-ல் செல்சிக்கும் சிறார்களைப் பதிவு செய்த விஷயத்தில் வீரர்களை வாங்கத் தடை விழுந்தது. பார்சிலோனா விவகாரத்தில் அடிபட்ட பையன்களில் ஒருவர் ஜப்பானின் தகேஃபுசா குபோ. அவர் கதையை உங்கள் மகன் அவசியம் தெரிந்துகொள்ள வேண்டும். 2011-ல், பத்து வயதில், பார்சிலோனாவின் லா மாசியா அகாடமியில் சேர்ந்தார். தண்டனைக்குப் பிறகு போட்டிகளில் ஆட முடியாமல் 2015-ல் ஜப்பானுக்கே திரும்பினார். அங்கே எஃப்சி டோக்கியோவில் சேர்ந்து, 2016 நவம்பரில், 15 வயதில், அந்த கிளப்பின் 23 வயதுக்குட்பட்டோர் அணிக்காக ஜே3 என்ற மூன்றாம் டிவிஷனில் இறங்கினார். எதிரே நின்றவர்கள் வளர்ந்த ஆண்கள். 2019 ஜூனில் 18 வயது நிறைந்த சில நாட்களிலேயே ரியல் மாட்ரிட் அவரை எடுத்துக்கொண்டது. பிறகு ரியல் சோசியெடாடில் முக்கிய வீரராக ஆனார். குபோ அளவு திறமை உங்கள் மகனுக்கு இருக்கிறதா என்பது வேறு கேள்வி. ஆனால் அந்த வரிசை அவனுக்கும் பொருந்தும். சொந்த நாட்டின் கீழ் டிவிஷனில், பெரியவர்களோடு மோதி, 18 வரை வளர்வது. வெளிநாடு அதற்கப்புறம்.

சரி, விதியை மீறி அவன் இப்போதே போகிறான் என்று வைத்துக்கொள்வோம். அந்த பத்து மாதத்தில் என்ன நடக்கும்? காலையில் பயிற்சி, வாரம் ஒரு நட்புப் போட்டி. அதுவும் அநேகமாக அவனைப் போலவே பணம் கட்டி வந்த இன்னொரு அகாடமி பையன்களோடு. கிளப்பின் சட்டையைப் போட்டுப் புகைப்படம் எடுத்துக்கொள்ளலாம். லீக்கில் பதிவு இல்லாததால் அந்த கிளப்பின் ஜூனியர் அணிக்குக்கூட அவனால் ஆட முடியாது. புது வீரர்களைத் தேடி வரும் எந்த ஸ்கவுட்டும் பணம் கட்டும் பையன்களின் நட்புப் போட்டியைப் பார்க்க வண்டி ஏறி வருவதில்லை. பத்து மாதம் கழித்து ப்ளஸ் டூ பாதியில் நிற்க, ஆட்டக் கணக்கு எதுவும் இல்லாமல் திரும்பி வருவான். இது நல்ல அகாடமியாக இருந்தால் நடப்பது. மோசமானதில் என்ன நடக்கும் என்பதற்கு, 2023-ல் போர்ச்சுகலில் ஒரு தனியார் ஃபுட்பால் அகாடமியில் அதிகாரிகள் சோதனை நடத்தி, பல நாடுகளிலிருந்து கொண்டுவரப்பட்ட சிறுவர்களை மீட்டதே சாட்சி. எந்த நாட்டுக்கு, யாரோடு போனாலும் பாஸ்போர்ட்டை யாரிடமும் ‘பத்திரமாக வைத்திருக்க’ கொடுக்கக் கூடாது என்று மகனுக்கு இப்போதே சொல்லி வையுங்கள்.

அடுத்து, ஐந்தாம் டிவிஷன் என்றால் என்ன என்று பார்ப்போம். ஸ்பெயினில் 2021-ல் டிவிஷன்களை மாற்றி அமைத்தார்கள். லா லிகா, செகுண்டா, பிரிமேரா ஃபெடரேசியோன், செகுண்டா ஃபெடரேசியோன், ஐந்தாவதாக தெர்செரா ஃபெடரேசியோன். அதில் மட்டும் 18 குழுக்கள். ஒரு குழுவில் 18 அணிகள் இருந்தால் ஒரு சீசனில் 34 லீக் ஆட்டங்கள். நான் அந்த லீக்குகளை மதிப்பது இதற்காகத்தான். வாரா வாரம் மேட்ச், புள்ளிக்காக மேட்ச், தோற்றால் கீழே இறங்க வேண்டிய பயத்தோடு மேட்ச். நம் ஊர்ப் பையனுக்கு ஒரு வருடத்தில் கிடைக்கும் லீக் ஆட்டங்கள் இதைவிட மிகக் குறைவு. நம்மிடம் திறமை இருந்தும் வளராமல் போவதற்கு இதுதான் முதல் காரணம் என்பேன்.

அந்த டிவிஷன்களின் தரத்தைத் தெரிந்துகொள்ள ஸ்பெயின் வரை போக வேண்டாம். 2018-19-ல் சென்னை சிட்டி எஃப்சி ஐ-லீக் என்ற தேசிய லீக் பட்டத்தை வென்றதே, கோயம்புத்தூரைச் சொந்த மைதானமாக வைத்து? அந்த அணியின் முதுகெலும்பு ஸ்பெயினின் கீழ் டிவிஷன்களிலிருந்து வந்தவர்கள். பெட்ரோ மான்சியும் நெஸ்டர் கோர்டியோவும் பந்து காலுக்கு வருவதற்கு முன்பே அடுத்த பாஸை முடிவு செய்துவிடுவதை நாம் கண்ணால் பார்த்தோம். உங்கள் மகன் அங்கே போனால் அவனுடைய இடத்துக்குப் போட்டி போடப் போவது அப்படிப்பட்டவர்கள்தான்.

இன்னொன்றையும் யாரும் பெற்றோருக்குச் சொல்வதில்லை. ஐந்தாம் டிவிஷனில் ஃபுட்பால் சம்பளத்தை மட்டும் வைத்துப் பிழைக்க முடியாது. பகலில் கடையிலோ ஒர்க்‌ஷாப்பிலோ வேலை, சாயங்காலம் பயிற்சி என்றுதான் பலரும் ஓட்டுகிறார்கள். இங்கிலாந்தின் ஜேமி வார்டி ஸ்டாக்ஸ்பிரிட்ஜ் போன்ற சிறிய கிளப்பில் ஆடிய காலத்தில் தொழிற்சாலையில் வேலை பார்த்தார். லெஸ்டர் அவரை எடுத்தது 2012-ல், 25 வயதில். ரியாத் மஹ்ரெஸ் பிரான்ஸின் நான்காம் டிவிஷனில் கெம்பேர் அணியில் தொடங்கினார். இந்த இருவரும் அந்தந்த நாட்டிலேயே பிறந்து வளர்ந்தவர்கள், அதனால் வேலை பார்த்துக்கொண்டே காத்திருக்க முடிந்தது. இந்தியப் பாஸ்போர்ட்டோடு போகும் பையனுக்கு அந்த வசதி இல்லை. ஷெங்கன் சுற்றுலா விசாவில் 180 நாளில் 90 நாள்தான் தங்க முடியும், வேலை செய்யவே கூடாது. இங்கிலாந்தில் மாணவர் விசாவில் இருப்பவர் தொழில்முறை விளையாட்டு வீரராக இருக்கத் தடை உண்டு. ஆகவே கிளப் தரும் ஒப்பந்தம் விசாவுக்கும் சாப்பாட்டுக்கும் வாடகைக்கும் போதுமானதாக இருந்தாக வேண்டும். அவ்வளவு கொடுத்து ஒரு வெளிநாட்டுப் பையனைச் சிறிய கிளப் எடுக்கிறதென்றால், அவன் உள்ளூர்ப் பையனைவிடத் தெளிவாக ஒரு படி மேலே ஆட வேண்டும். அந்த ஒரு படியை எங்கே ஏறுவது என்பதுதான் உங்களுக்கும் உங்கள் மகனுக்கும் இப்போது முன்னால் இருக்கும் வேலை.

ஏஜென்ட் உங்களிடம் இஷான் பண்டிதாவின் பெயரைச் சொல்லியிருக்கலாம். பதின்ம வயதிலேயே ஸ்பெயின் போனவர்தான். ஆனால் லெகானெஸ் கிளப்போடு அவர் ஒப்பந்தம் போட்டது 2016-ல், 18 வயதான பிறகு. பிறகு கீழ் டிவிஷன் அணிகளில் ஆடினார். 2020-ல் எஃப்சி கோவாவுக்கு வந்து, மாற்று வீரராக இறங்கி கோல் அடித்துத்தான் இந்திய அணிக்குப் போனார். குர்பிரீத் சிங் சந்து 2014-ல் நார்வேயின் ஸ்டாபெக்குக்குப் போனபோது வயது 22. ஈஸ்ட் பெங்காலில் ஏற்கனவே ஆடியவர். அங்கும் லீக் ஆட்டத்துக்காக 2016 வரை காத்திருந்தார். சுனில் சேத்ரி 2012-ல் போர்ச்சுகலின் இரண்டாம் டிவிஷனில் ஆடிய ஸ்போர்ட்டிங் பி அணிக்குப் போனார். அவருக்கே களத்தில் கிடைத்தது சில ஆட்டங்கள்தான். நம் தமிழ்க் குடும்பங்களுக்கு இன்னும் நெருக்கமான பெயர் வேண்டுமென்றால் சிங்கப்பூரின் வி. சுந்தரமூர்த்தி. 1980-களின் கடைசியில் ஸ்விட்சர்லாந்தின் பாசல் அணிக்குப் போனார். பாசல் அப்போது இரண்டாம் டிவிஷனில் இருந்தது. அவரும் அதற்கு முன்பே சிங்கப்பூர் தேசிய அணியில் பெயர் எடுத்தவர்.

இனி சென்னைக்கு வருவோம், இதுதான் நான் அதிகம் பேச விரும்பும் பகுதி.

உங்கள் கடிதத்தில் பள்ளி டோர்னமென்ட், செவன்ஸ் இரண்டும் இருக்கின்றன. கிளப்பின் பெயரோ லீக்கின் பெயரோ இல்லை. செவன்ஸும் டர்ஃபில் ஆடும் ஃபைவ்ஸும் காலில் பந்தை ஒட்ட வைக்கக் கற்றுக்கொடுக்கும், அது நல்லதுதான். ஆனால் முழு மைதானத்தில் விங்கர் என்பவனின் வேலையே வேறு. ஆஃப்சைடு கோட்டைப் பார்த்து ஓட்டத்தைத் தொடங்குவது, எதிரணியின் ஃபுல்பேக்கை (ஓரத்தில் நிற்கும் டிஃபெண்டரை) அகலத்துக்கு இழுத்து உள்ளே இடம் உண்டாக்குவது, பந்து போனவுடன் ஐம்பது மீட்டர் பின்னால் ஓடி வந்து தன் ஃபுல்பேக்குக்கு உதவுவது, இதை 75-வது நிமிடத்திலும் செய்வது. செவன்ஸில் இதில் பாதிக்கு வேலையே இல்லை. ஐரோப்பாவில் ஒரு கீழ் டிவிஷன் பயிற்சியாளர் விங்கரைப் பார்க்க வரும்போது, கோல் எண்ணிக்கையைவிட இந்த பந்தில்லாத ஓட்டங்களைத்தான் கவனிக்கிறார். வேகம் அங்கே எல்லோரிடமும் இருக்கிறது.

அதனால் இந்த சீசனிலேயே அவனைச் சென்னை ஃபுட்பால் அசோசியேஷன் லீக்கில் ஆடும் ஒரு கிளப்பில் சேருங்கள். எந்த டிவிஷன் என்று பார்க்காதீர்கள், அவனை ஆட வைப்பார்களா என்று பாருங்கள். மேல் டிவிஷன் அணியில் பெஞ்சில் உட்காருவதைவிடக் கீழ் டிவிஷன் அணியில் முழு நேரம் ஆடுவது அவனுக்கு நல்லது. இந்தியன் வங்கி, ஐசிஎஃப், தெற்கு ரயில்வே என்று ஆபீஸ் அணிகளில் ஆடிப் பழுத்த முப்பது வயது டிஃபெண்டர்கள் இங்கே இருக்கிறார்கள். நடுவர் பார்க்காதபோது தோளால் ஒரு இடி, சட்டையில் ஒரு இழுப்பு, காதில் ஒரு பேச்சு. அந்த டிஃபெண்டரை எப்படித் தாண்டுவது என்று உங்கள் மகன் யோசிக்கத் தொடங்குவான். பள்ளி மேட்ச்சில் வேகத்தால் கிடைத்த கோல்கள் இங்கே கிடைக்காது, அப்போதுதான் மற்ற வித்தைகள் வளரும். முதல் சில மாதம் மனம் உடைந்து வீட்டுக்கு வருவான். திட்டாதீர்கள், கிளப்பையும் மாற்றாதீர்கள்.

வியாசர்பாடி உங்களுக்குப் பக்கம்தான். அங்கிருந்து வந்த தனபால் கணேஷ் 2017-18-ல் ஐஎஸ்எல் கோப்பை வென்ற சென்னையின் எஃப்சியில் நடுக்களத்தில் நின்றார். சென்னைக்காரரான நந்தகுமார் சேகர், உங்கள் மகனைப் போலவே விங்கர். சென்னை சிட்டி, ஒடிசா, ஈஸ்ட் பெங்கால் என்று ஏறி 2023-ல் இந்திய அணிக்கு ஆடினார். சிவகங்கை மாவட்டத்திலிருந்து போன சிவசக்தி நாராயணன் பெங்களூரு எஃப்சியின் இளையோர் அணியில் 2022-ல் டெவலப்மென்ட் லீக்கில் கோல்களைக் குவித்தார், சீக்கிரமே மெயின் டீமுக்கு உயர்ந்தார். அந்த லீக்கில் ஜெயித்ததால் பெங்களூரு அணி அதே வருடம் இங்கிலாந்துக்குப் போய், பிரீமியர் லீக் கிளப்களின் இளையோர் அணிகளோடு மோதியது. வெளிநாட்டுப் பயணம் ஆட்டத்தால் வந்தது.

ஐஎஸ்எல் பற்றி மகன் சொல்வதில் நியாயம் இருக்கிறது. 2025-26 சீசன் பல மாதம் தள்ளிப்போனபோது வீரர்களும் அவர்கள் குடும்பங்களும் பட்ட கவலை சாதாரணமானதில்லை. இருந்தாலும் அவனுக்கு இப்போது 16. ஐஎஸ்எல் ஒப்பந்தம் என்ற கேள்வி வருவதற்கு இன்னும் இரண்டு, மூன்று வருடமாவது இருக்கிறது. அதுவரை அவனுக்குத் தேவை மாவட்ட லீக், வயதுப் பிரிவு தேசியப் போட்டிகள், முடிந்தால் ஒரு பெரிய கிளப்பின் இளையோர் அணி.

காகித வேலையையும் இந்த வயதிலேயே சரி செய்துவிடுங்கள். அகில இந்திய ஃபுட்பால் ஃபெடரேஷனின் மத்தியப் பதிவு முறையில் அவன் பெயர் ஏறியிருக்க வேண்டும். எந்த வருடம் எந்த கிளப்பில் இருந்தான் என்பது அதில்தான் நிற்கும். பின்னாளில் வெளிநாட்டுக் கிளப் எடுக்கும்போது சர்வதேச மாற்றுச் சான்றிதழ் இங்கிருந்துதான் போக வேண்டும். 12 வயதிலிருந்து அவனை வளர்த்த சிறிய கிளப்புக்குக் கிடைக்க வேண்டிய பயிற்சி இழப்பீடும் இந்தப் பதிவை வைத்தே கணக்கிடப்படும். பிறப்புச் சான்றிதழ், ஆதார், பாஸ்போர்ட், மார்க் ஷீட் எல்லாவற்றிலும் ஒரே பிறந்த தேதி இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். வயதைக் குறைத்துப் போடச் சொல்லும் எந்தக் கோச்சையும் நம்பாதீர்கள். 18 வயதுக்குள் நீண்டகால ஒப்பந்தத்தில் கையெழுத்து கேட்டால், நடுவில் வெளியேறுவதற்கான விடுவிப்பு விதி என்ன என்று படித்துக் காட்டச் சொல்லுங்கள்.

18 ஆன பிறகு வெளிநாட்டிலிருந்து வாய்ப்பு வந்தால், நான் முதலில் பார்ப்பது பணம் எந்தப் பக்கமிருந்து எந்தப் பக்கம் போகிறது என்பதை. கிளப் பையனுக்குக் கொடுத்தால் அது ஒப்பந்தம். நீங்கள் கிளப்புக்கோ ஏஜென்ட்டுக்கோ கொடுத்தால் அது பயிற்சி முகாம், என்ன பெயர் வைத்தாலும். முறையான ஏஜென்ட்டுக்கு வருமானம் வீரர் வாங்கும் சம்பளத்தின் ஒரு பங்கிலிருந்து வருகிறது. 2023 முதல் ஏஜென்ட்கள் ஃபிஃபாவின் தேர்வு எழுதி உரிமம் வாங்க வேண்டும். உரிமம் பெற்றவர்களின் பட்டியலை ஃபிஃபாவே இணையத்தில் வைத்திருக்கிறது. சிறாரோடு வேலை செய்வதற்குத் தனி அனுமதியும், பெற்றோரின் எழுத்துப்பூர்வ சம்மதமும் தேவை.

ப்ளஸ் டூவை நல்ல மார்க்கோடு முடிக்கச் சொல்வதற்கு ஒரு காரணம் இருக்கிறது. அமெரிக்கக் கல்லூரி ஃபுட்பால் 18 வயதில் சட்டப்படி திறந்திருக்கும் வழி. கோடையில் கல்லூரி வீரர்கள் யுஎஸ்எல் லீக் டூ போன்ற கீழ் லீக்குகளில் ஆடி, அங்கிருந்து தொழில்முறை கிளப்களுக்குப் போகிறார்கள். உதவித்தொகை பெரும்பாலும் பாதிச் செலவுக்குத்தான் வரும், மார்க்கும் ஆட்ட வீடியோவும் இரண்டும் கேட்பார்கள். எல்லாக் குடும்பத்துக்கும் ஒத்துவராது. ஆனால் கையில் டிகிரி மிஞ்சும். தமிழ்நாட்டில் கல்லூரிகளிலும் அரசு வேலையிலும் விளையாட்டு ஒதுக்கீடு இருப்பதையும் மறக்காதீர்கள். அதற்கும் இங்கே ஆடிய சான்றிதழ்கள்தான் கணக்கு.

இந்த வாரம் அந்த ஏஜென்ட்டிடம் மூன்று விஷயம் எழுத்தில் கேளுங்கள். அவருடைய ஃபிஃபா உரிம எண். எந்த விதிவிலக்கின் கீழ் உங்கள் மகனை ஸ்பெயின் ஃபெடரேஷனில் பதிவு செய்யப் போகிறார் என்பதன் விவரம். முன்பு அவர் அனுப்பிய பையன்களின் பெயரும், அவர்கள் ஆடிய லீக் ஆட்டங்களும். ஸ்பெயினின் மாகாண ஃபெடரேஷன்கள் ஒவ்வொரு மேட்ச்சிலும் யார் இறங்கினார்கள் என்ற பட்டியலை இணையத்தில் போடுகின்றன. அவர் சொல்லும் பெயர்களை உங்கள் மகனையே அதில் தேடிப் பார்க்கச் சொல்லுங்கள். நீங்கள் வேண்டாம் என்று சொல்வதைவிட அந்தப் பட்டியலை அவனே பார்ப்பது அவனுக்குச் சீக்கிரம் புரியும்.

அவன் முழு மைதானத்தில் ஆடிய இரண்டு மேட்ச்சின் வீடியோ இருந்தால் எனக்கு அனுப்புங்கள். கோல் தொகுப்பு வேண்டாம், 90 நிமிடமும் வேண்டும். பார்த்துவிட்டு அவனுக்கே நேரடியாக எழுதுகிறேன்.